கான்ட்ராக்டர் இல்லாமல் நாமே வீடு கட்டலாமா?

கேள்வி: 1,000 சதுர அடியில் தரைத்தளம் மட்டும் கட்டப் போகிறோம். "மெட்டீரியலோடு கான்ட்ராக்ட் விட்டால் லாபம் அவருக்குத்தான், நீங்களே சாமான் வாங்கி ஆள் வைத்துக் கட்டுங்கள்" என்கிறார் மாமா. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். முடியுமா?
– வாசகி, நாமக்கல்

பதில்: மாமா சொல்லும் லாபம் சும்மா கிடைப்பதில்லை. ஆள் சொல்வது, லோடு இறக்குவது, அளவு பார்ப்பது என்று கான்ட்ராக்டர் பார்க்கும் வேலைக்கான கூலி அது. தினமும் காலையில் ஒரு மணி நேரம், கான்கிரீட் போடும் நாளில் முழுநாள், உங்கள் இருவரில் ஒருவர் சைட்டில் நிற்க முடியாதென்றால் இதில் இறங்க வேண்டாம்.

நிற்க முடிந்தால் நடுவழி ஒன்று உண்டு. மேஸ்திரிக்கு லேபர் கான்ட்ராக்ட், சாமான் உங்களுடையது, கம்பி கட்டியதைப் பார்க்க மட்டும் ஒரு இன்ஜினியர். சதுர அடி ரேட் பேசும்போதே சன்ஷேட், கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், சென்ட்ரிங் பலகை வாடகை இதெல்லாம் அந்த ரேட்டில் சேருமா என்று எழுதி வாங்குங்கள். வீடு பாதியில் இருக்கும்போது வரும் சண்டை பெரும்பாலும் இதில்தான். பணத்தையும் வேலை முடிந்த அளவுக்கே கொடுங்கள். முன்பணம் கூடினால் மேஸ்திரி அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார்.

சாமான் வாங்குவதில் டேப் கையில் இருக்க வேண்டும். எம்-சாண்ட் லாரி வந்ததும் தொட்டியின் உள் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி 100-ஆல் வகுத்தால் யூனிட். 10 அடி, 6 அடி, 3.3 அடி என்றால் ஏறக்குறைய 2 யூனிட். கம்பியை எடை போட்டே வாங்குங்கள். 12 மி.மீ. கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு சுமார் 10.65 கிலோ இருக்க வேண்டும். பத்துக் கம்பியைச் சேர்த்து நிறுத்தி, 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் திருப்பி அனுப்புங்கள்.

5 அங்குல கனத்தில் 1,000 சதுர அடி ரூஃபுக்கு 1:1½:3 கலவையில் (எம்20) சுமார் 95 மூட்டை சிமென்ட், 2 யூனிட் மணல், 3½ யூனிட் ஜல்லி பிடிக்கும். பீம் தனிக் கணக்கு. கையிருப்பு போதாமல் பாதியில் நின்றால், பழைய கான்கிரீட்டும் புதியதும் ஒட்டாத இடத்தில் மழைத் தண்ணீர் இறங்கும். கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டரும் இரண்டு இருக்கட்டும்.

கான்கிரீட் போடும் அன்று நீங்கள் நிற்க வேண்டிய இடம் மிக்ஸர் பக்கம். மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது. மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைய வேண்டும். தள்ள எளிதாக இருக்குமென்று ஆட்கள் குடம் குடமாக ஊற்றுவார்கள். பலம் போவது அங்கேதான். அதற்கு முதல் நாளே கம்பிக்கு அடியில் 20 மி.மீ. கவர் பிளாக் (கம்பி பலகையில் படாமல் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டை) இருக்கிறதா, எலக்ட்ரீஷியன் ஃபேன் பாக்ஸும் பைப்பும் வைத்துவிட்டாரா என்று எண்ணிப் பாருங்கள். ஒரு ஃபேன் பாக்ஸ் விட்டுப்போனாலும் பிறகு ரூஃபைக் கொத்த வேண்டும்.

கேள்வி: ரூஃப் போட்ட ஏழாம் நாளே முட்டு பிரிக்கலாம் என்கிறார் மேஸ்திரி. சரியா?
– வாசகர், கரூர்

பதில்: ஓபிசி (சாதாரண போர்ட்லாண்ட்) சிமென்ட், 4.5 மீட்டர் அகலத்துக்குள் உள்ள அறை என்றால், கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 ஸ்லாப்புக்கு (ரூஃப் தளத்துக்கு) 7 நாள்தான் கேட்கிறது. அதற்கு மேல் அகலமென்றால் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14, அதைத் தாண்டினால் 21. மூட்டையில் பிபிசி (சாம்பல் போன்ற பொஸலானா கலந்த சிமென்ட்) என்று அச்சாகியிருந்தால் அது மெதுவாகப் பலம் பிடிக்கும். சிறிய அறைக்கும் 14 நாளாவது விடுங்கள், பாத்தி கட்டி 10 நாளாவது தண்ணீர் நிற்கட்டும். சென்ட்ரிங் வாடகை ஏறுகிறதென்றுதான் அவர் அவசரப்படுகிறார். கூடுதல் நாள் வாடகையை நீங்களே தருவதாகச் சொல்லிப் பாருங்கள்.