வீட்டில் சாஃப்ட் பிளாஸ்டிக் லூர் ஊற்ற இடம் எப்படி அமைப்பது? சமையலறையில் செய்யலாமா?

ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு சமையலறை மைக்ரோவேவிலேயே பிளாஸ்டிசால் உருக்கி, விரால் மீன் பிடிக்க லூர், அதாவது ரப்பர் மாதிரியான போலி இரை, ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே லூரின் முன்னால் மாட்டும், தூண்டில் முள் பதித்த ஈயத் தலையும் (ஜிக் ஹெட்) ஊற்றும் எண்ணம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். சமையலறையில் கூடாது. நீங்கள் அபார்ட்மெண்ட்டில் இருக்கிறீர்கள், வீட்டில் இருப்பது ஒரே மைக்ரோவேவ், அதில்தான் குழந்தைக்குப் பால் சுடுகிறது என்று நானாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லையென்றாலும் பதில் மாறாது.

நான் கெமிஸ்ட் இல்லை. திருப்பூரில் பிரிண்டிங் பட்டறையில் வேலை பார்த்தவன். பனியனில் படம் அடிக்கும் இங்க்கில் பாதிக்குமேல் நாங்கள் புழங்கியது இதே பிளாஸ்டிசால்தான். பிவிசி பவுடரை எண்ணெய் மாதிரியான பிளாஸ்டிசைசரில் கலந்த திரவம். சூடு ஏறினால் கெட்டியாகும், இன்னும் ஏறினால் இளகித் தெளியும், ஆறினால் ரப்பராகிவிடும். "அப்படியென்றால் பிரிண்டிங் இங்க்கையே வாங்கி ஊற்றலாமே" என்று ஒருவர் கட்டாயம் வருவார். வேண்டாம். அது துணிமேல் மெல்லிசாகப் படிவதற்காகச் சாயமும் ஃபில்லரும் போட்டுச் செய்தது. லூருக்கென்றே விற்கும் பிளாஸ்டிசாலை, தாலேட் (பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் ஒருவகை ரசாயனம்) இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்காவில் 2008லேயே குழந்தைகள் பொம்மைகளில் சில தாலேட்களைத் தடை செய்துவிட்டார்கள். நாம் அதைக் கையில் வைத்துப் பிசையப் போகிறோம்.

லூர் ஊற்றும் சூடு 175 டிகிரி செல்சியஸ் பக்கம். 200ஐத் தாண்டினால் மஞ்சளடித்துப் புகையும். அந்தப் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும். கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் கரைந்தால் அதுதான் ஹைட்ரோகுளோரிக் அமிலம். பட்டறையில் கருகிய வாசம் வந்தால் முதலாளி முதல் கடைநிலைப் பையன்வரை எல்லோரும் வெளியே வந்துவிடுவோம். உங்கள் சமையலறை ஜன்னலில் காற்று உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்பது அன்றன்றைக்குக் காற்றின் இஷ்டம். எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும். அதுவும் உங்கள் முகத்துக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும்படி இருக்க வேண்டும். கொரோனா காலத்து என்95 மாஸ்க் தூசியைத்தான் நிறுத்தும், வாயுவை நிறுத்தாது. 'ஆர்கானிக் வேப்பர்', 'ஆசிட் கேஸ்' இரண்டும் போட்ட கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். தாடி வைத்திருந்தால் அதுவும் முகத்தோடு ஒட்டி உட்காராது.

என் இடம் மொட்டை மாடியில், படிக்கட்டு ஹெட்ரூமை ஒட்டிப் போட்ட ஷீட்டுக்கு அடியில். செகண்ட் ஹேண்ட் மைக்ரோவேவ் ஒன்று, அதன்மேல் பெயிண்ட்டில் 'சாப்பாட்டுக்கு அல்ல' என்று எழுதியிருக்கிறேன். அதற்கென்று எர்த்தோடு தனி பவர் ப்ளக் இழுத்தேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டவே கூடாது. கடப்பைக்கல் மேடை. கைக்கெட்டும் இடத்தில் ஏபிசி பவுடர் தீயணைப்பான், கப்பை மூடுகிற அளவுக்கு ஒரு எவர்சில்வர் மூடி. தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, இது எண்ணெய் மாதிரி. ஆடி மாதம் நான் ஊற்றுவதே இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் கிளிட்டர் அடுத்த வீட்டு வடாமில்தான் போய் விழும்.

உருக்குவது பொறுமையான வேலை. சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடிக் கப்பில் ஊற்றி, முதலில் இரண்டு நிமிடம் வையுங்கள். எடுத்து நன்றாகக் கலக்குங்கள். அப்புறம் முப்பது முப்பது நொடியாக வைத்து ஒவ்வொரு தடவையும் கலக்குங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் மேற்பரப்பைத்தான் பார்க்கும். கலக்காமல் அளந்தால் மேலே 150 காட்டும், நடுவில் கருகிக்கொண்டிருக்கும். சூடான கப்பை ஈரக் கல்மேல் வைத்தால் விரிசல் விடும், அடியில் காய்ந்த மரப்பலகை போடுங்கள்.

இப்போது என் மச்சினன் கதை. ஐப்பசி அடைமழையில், தானே செய்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சோடு வந்தான். ஒரு வாரம் காயவைத்தேன் மாமா, எலும்பு மாதிரி இருக்கு என்றான். வேண்டாம்டா, அலுமினிய அச்சு இருக்கு, அதில் ஊற்று என்றேன். அவனுக்கு அவன் அச்சில் செதுக்கிய தவளை லூர்தான் வேண்டும். கெட்டிப்பட்ட பிளாஸ்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அதனுள்ளேயே கட்டுண்ட தண்ணீர். வெயிலில் காய்ந்தாலும் அது போகாது, 100 டிகிரிக்கு மேல் சூடு பட்டால்தான் கழலும். மேலே எபாக்ஸி பூசி அடைக்காத அச்சு அது. போதாக்குறைக்கு மழைக்கால ஈரமும். நான் கையுறை எடுக்கத் திரும்பிய நேரத்தில் ஊற்றிவிட்டான். ஈர முறுக்கை எண்ணெயில் போட்ட மாதிரி படபடவென்று தெறித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. போட்டிருந்தது பாலியெஸ்டர் கிரிக்கெட் ஜெர்சி. முழங்கைக்குக் கீழே துணியும் உருகி, பிளாஸ்டிக்கும் ஒட்டிக்கொண்டது.

அதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது அப்புறம் நடந்ததில். டேங்க் குழாயடியில் அவன் கையைப் பிடித்து வைத்திருக்கிறேன், அக்கம்பக்கத்தார் டூத்பேஸ்ட்டும் இட்லி மாவும் எடுத்துக்கொண்டு மாடியேறி வருகிறார்கள். படித்தவர் ஒருவர் இங்க் பாட்டிலோடு வந்தார்! எதையும் பூசக் கூடாது. இருபது நிமிடம் ஓடும் தண்ணீர், ஐஸ் கூடாது, ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிய்க்கக் கூடாது, நேராக டாக்டர். ஆஸ்பத்திரியில் அதைப் பக்குவமாக எடுத்தார்கள், தழும்பு சின்னதாக நின்றுவிட்டது. அன்றிலிருந்து என் மாடியில் முழுக்கைப் பருத்திச் சட்டை, முகம் மறைக்கும் ஷீல்டு, தோல் கையுறை, மூடின ஷூ இல்லாமல் யாருக்கும் அனுமதி கிடையாது. குளத்தில் போட்டு எடுத்த பழைய லூரை மறுபடி உருக்குகிறவர்களும் கேளுங்கள், அதிலும் ஈரம் இருக்கும். உப்புச் சேர்த்த லூர் இன்னும் மோசம்.

'நூறு ரூபாய் லூருக்கு இவ்வளவு பில்டப்பா' என்பீர்கள். கணக்குப் பார்த்தால் கடையில் வாங்குவதுதான் லாபம், மறுக்கவில்லை. 'பிளாஸ்டிக்கைத் தண்ணீரில் போடுகிறாய், அதுவும் திருப்பூர்க்காரன்' என்றும் ஒருவர் வருவார். அறுந்த லூரை முடிந்தவரை எடுத்துவிடுகிறேன், மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டுவதில்லை. ஆனால் ஐயா, எங்கள் ஊர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றில் எங்கள் அப்பா மீன் பிடித்திருக்கிறார். அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்குக் கட்டினார்கள், சாயக்கழிவுதான் தேங்கியது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் நிலைமை வந்தது. அந்த லாபத்தில் பங்களா கட்டியவரைக் கேட்காமல், ரப்பர் தவளை வைத்திருப்பவனைக் கேட்பதில் என்ன வீரம்? சரி, இதை விடுங்கள்.

ஈயத் தலையைப் பொறுத்தவரை, அதை அதே மேடையில் செய்யாதீர்கள். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் தெறிப்பது பிளாஸ்டிசாலைவிடப் பயங்கரம். ஈயத் தூசி துணியோடு வீட்டுக்குள் வரும், குழந்தைகள் மூளையைப் பாதிக்கும். இவ்வளவு எழுதிய நானே ஜிக் ஹெட்டைக் கடையில்தான் வாங்குகிறேன்.