வல்லாரையின் அறிவியல் பெயர் எது? இரண்டு பெயர்கள் இருப்பது ஏன்?

ஹைட்ரோகொடைல் ஏசியாட்டிகா, சென்டெல்லா ஏசியாட்டிகா, இரண்டுமே வல்லாரைதான். 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்தது முதல் பெயர். 1879-இல் ஜெர்மன் தாவரவியலாளர் உர்பன் அதை சென்டெல்லா பேரினத்துக்கு (நெருங்கிய இனங்களின் தொகுதி) மாற்றினார். இன்று செல்லுபடியாவது இதுதான். பழைய மூலிகை நூல்களில் மட்டும் முதல் பெயர் இன்னும் தலைகாட்டும். குடும்பம் ஏபியேசி, அதாவது கொத்தமல்லி, சீரகத்தின் குடும்பம். ஹைட்ரோகொடைல் பேரினத்தையோ இப்போது அராலியேசி என்ற வேறு குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள்.

ஈரமான மண்ணில் ஓடுதண்டு விட்டுப் படரும் பல்லாண்டுச் செடி இது. கணுவுக்குக் கணு வேர் பிடிக்கும், அங்கேயே நீண்ட காம்புகளில் இலைகள் எழும். இலை சிறுநீரக வடிவம், ஓரத்தில் மழுங்கிய பற்கள். பூக்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்: இலைகளுக்கு அடியில், குட்டைக் காம்பில், பெரும்பாலும் மும்மூன்றாக, வெண்மையோ இளஞ்சிவப்போ கலந்த ஐந்து இதழ்களோடு இருக்கும். காய் தட்டையானது, முதிர்ந்ததும் இரண்டாகப் பிரியும்.

சரி, நர்சரியில் வல்லாரை என்று வேறு எதையாவது கொடுத்தால்? இலைக்காம்பு எங்கே சேர்கிறது என்று பாருங்கள். குடைக்கம்பி போல இலையின் நடுவில் சேர்ந்தால் அது அலங்காரத்துக்கு வளர்க்கும் ஹைட்ரோகொடைல். வல்லாரையில் அடிப்பக்கப் பிளவில்தான் சேரும்.