கஞ்சா டெஸ்ட் நெகட்டிவ்னா ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2017-ல நியூசிலாந்து ஆக்லாந்துல செயற்கை கஞ்சா புகைச்சு வரிசையா ஆளுங்க செத்தாங்கன்னு படிச்சேன். ஆனா இது சாதாரண கஞ்சா டெஸ்ட்ல மாட்டாதாமே, அப்புறம் சாவுக்கு இதுதான் காரணம்னு எப்படிச் சொல்றாங்க?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பேர்லதாங்க கஞ்சா. ஏதோ ஒரு காய்ஞ்ச இலை மேல லேப்ல செஞ்ச கெமிக்கலைத் தெளிச்சு விக்கிறாங்க. யூரின் கிட் தேடுறது நிஜ கஞ்சாவுல போதை தர்ற டிஎச்சிங்கற பொருளோட மிச்சத்தை, இந்த கெமிக்கலோட அமைப்பே வேற, அதனால கிட் பேசாம நெகட்டிவ் காட்டிடும்.

ஆக்லாந்துல சிக்கினது ஏஎம்பி-ஃபுபினாகாங்கற செயற்கை கெமிக்கல். அதுக்கு முந்தின வருஷம் ஜூலைல நியூயார்க் புரூக்ளின்ல 33 பேரை நடைபிணம் மாதிரி ஆக்கினதும் இதேதான். இது உள்ள போனதும் கல்லீரல்ல இருக்கற ஒரு என்சைம் மளமளன்னு உடைச்சு வேற ஒரு ஆசிடா மாத்திடுது, அதனால ரத்தத்துல மூல கெமிக்கலைத் தேடினா பெரும்பாலும் கிடைக்காது, அந்த ஆசிடைத்தான் தேடணும். புரூக்ளின்ல ரத்தம் சோதிச்ச 8 பேருக்கும் அது இருந்துச்சு, மில்லிக்கு 77-ல இருந்து 636 நானோகிராம் வரைக்கும். இவ்ளோ துளியைப் பிடிக்க மூலக்கூறோட எடையை வெச்சு கெமிக்கலை அடையாளம் காட்டற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேணும், எதைத் தேடுறோம்னும் முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். ஒண்ணைத் தடை பண்ணா லேசா மாத்தி அடுத்ததை இறக்கிடுறாங்க, லேபுங்க பின்னாடியே ஓடிட்டு இருக்கு.

கெமிக்கல் இருந்தா மட்டும் போதாது. இவ்ளோ இருந்தா சாவுன்னு சொல்ற அளவே இதுக்குக் கிடையாது. செத்தப்புறம் இதயத்து ரத்தத்துல மருந்தோட அளவு மாறிடும்ங்கறதால தொடை ரத்தத்தை எடுப்பாங்க, அதோட இதய நோய், மது, வேற மருந்துன்னு ஒவ்வொண்ணா தள்ளிப் பாத்துதான் முடிவுக்கு வர்றாங்க. ரிப்போர்ட்ல 'ஒண்ணும் இல்லை'ன்னு வந்ததும் செத்தவரோட குடும்பத்துக்காரங்க திரும்பி வந்துடுறாங்க பாருங்க, அதான் எனக்குத் தாங்கல. என்னென்ன தேடினீங்கன்னு கேளுங்க, மிச்ச ரத்தத்தை ஃப்ரீசர்ல வைக்கச் சொல்லுங்க.

கேள்வி: ஒரே பாக்கெட்டைப் புகைச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் சாக, ஒருத்தர் பொழைக்கிறாரே, எப்படி?
– வாசகர், ஈரோடு

பதில்: தெளிக்கறது சீரா விழாதுங்க, ஒரு ஓரத்துல ஒண்ணுமே இருக்காது, இன்னொரு ஓரத்துல கெட்டியா படிஞ்சிருக்கும். கஞ்சா போய் ஒட்டிக்கற இடமான மூளையோட சிபி1 ரிசெப்டரை டிஎச்சி ஓரளவுக்குத்தான் தூண்டும், இந்த செயற்கை கெமிக்கல் முழுசா முடுக்கி விட்டுடும், வலிப்பு வரலாம், இதயத்துடிப்பு தாறுமாறா ஓடி நின்னே போகலாம். செத்தவர் பக்கத்துல கிடந்த பாக்கெட்டை மட்டும் வெக்கப்பட்டுத் தூக்கிப் போட்டுடாதீங்க, போலீஸ்கிட்ட குடுங்க. ரத்தத்துல எதைத் தேடணும்னு லேபுக்கு சொல்றது பல சமயம் அந்தப் பாக்கெட்தான்.