மருதம்பட்டை கஷாயம் குடித்தால் கிளினிக் மாத்திரையை விடலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கும் அப்பாவுக்கு ரத்த அழுத்தமும் இனிப்புநீரும் உண்டு. மருதம்பட்டை, கறுவாப்பட்டை கஷாயம் குடித்துக்கொண்டு மாத்திரையை நிறுத்தலாமா?

மாத்திரையை நிறுத்த வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பட்டையில் மருந்து இருக்கத்தான் செய்கிறது. அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டங்களில் மலேரியாவுக்குக் கொடுத்த கசப்பான கொய்னா, அதாவது குயினைன், சிங்கோனா மரப்பட்டையில் இருந்து வந்ததுதான். 1820இல் பாரிஸில் பெல்லத்தியே, கவாந்து என்ற இரு மருந்தாளர்களும் குயினைனைத் தனியாகப் பிரித்த பிறகே அதை அளந்து கொடுக்க வழி பிறந்தது. கஷாயத்தில் அந்த அளவு கைக்குப் பிடிபடாது. மரத்தின் வயது, கொதிக்கவிடும் நேரம், எல்லாமே அதை மாற்றிவிடும்.

மருதம்பட்டையை இதயத்துக்குச் சோதித்திருக்கிறார்கள்; பெரும்பாலும் சிறு ஆய்வுகள். மாத்திரைக்கு ஈடு என்று சொல்ல அது போதாது.

கறுவாப்பட்டையில்தான் கவனம் வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் தடித்த, முறுக்கினாலும் உடையாத பட்டை பெரும்பாலும் காசியா என்ற வேறு வகைக் கறுவா. அதில் கூமரின் என்ற இயற்கைப் பொருள் அதிகம். தினமும் நிறையக் குடித்தால் கல்லீரலுக்கு ஆகாது. இலங்கைக் கறுவா சுருட்டுப்போல மெல்லிய அடுக்குகளாக இருக்கும், விரலில் நொறுங்கும், கூமரினும் மிகக் குறைவு. குழம்பில் போடும் துண்டுக்குப் பயப்பட வேண்டாம்.

அப்புறம், கேப்சூலாக வாங்கினால் டப்பாவில் ‘எம்ஏஎல்’ (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண் பாருங்கள்; பாரம்பரிய மருந்து என்றால் அது ‘டி’ (T) எழுத்தில் முடியும். பதிவு இருந்தால் நோய் குணமாகும் என்று அர்த்தமில்லை. அப்பா வார்ஃபரின் என்ற ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரை சாப்பிடுபவரானால், கிளினிக் மருந்தாளரைக் கேட்காமல் எந்தப் பட்டையும் கொடுக்காதீர்கள்.