மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன் என்றால் தப்ப முடியுமா?

கேள்வி: தம்பலகாமத்தில் வயல்களுக்கு மருந்தடிக்கும் கொந்தராத்து செய்கிறேன். நாட்கூலிக்கு நான்கு பெடியன்கள். போன மாதம் ஒருவன் மருந்தடிக்கும்போதே வாந்தி எடுத்து மயங்கி, திருகோணமலை ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஓர்கனோபொஸ்பேட் என்ற பூச்சிமருந்து வகை நஞ்சு என்றார்கள். கை நடுக்கம் இன்னும் இருக்கிறது. முதுகு டாங்கி கசிந்தது, சாரத்தோடு வெறுங்காலில் நின்றான் என்பது உண்மைதான், ஆனால் கொடுத்த மாஸ்க்கை அவன் போடவே இல்லை. என் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன், இப்போது நட்டஈடு கேட்கிறான். நியமனக் கடிதமே இல்லாதவனுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்? மற்ற மூவரும் அடுத்த கிழமை வயலில் இறங்க வேண்டும், அவர்களும் முறைக்கிறார்கள்.

பதில்: சோற்றுக் கணக்கை விடுங்கள், அதை யாரும் கேட்கப் போவதில்லை. கேட்கப்போவது ஒன்றுதான்: அவர் செய்தது உங்கள் தொழிலுக்கான வேலையா? 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் தற்காலிக ஆட்களுக்கு இல்லை என்று யாரோ உங்களுக்குப் பாதி சொல்லியிருக்கிறார்கள். வேலை தற்செயலானதாக இருந்தால் மட்டும் போதாது, முதலாளியின் தொழிலோடு சம்பந்தமில்லாததாகவும் இருக்க வேண்டும். உங்கள் வீட்டு ஓடு மாற்ற வந்தவர் என்றால் பேசிப் பார்க்கலாம். மருந்தடிப்பதே உங்கள் தொழில். கடிதம் இல்லாதது உங்களுக்குத்தான் பாதகம்.

மாஸ்க் கதையும் எடுபடாது. தெளிவாகக் கட்டளையிட்டீர்கள், அவர் வேண்டுமென்றே மீறினார் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சரி, நிரூபித்தாலும் இந்த வகை நஞ்சு தோலாலும் உடம்புக்குள் போகும். டாங்கி கசிந்து முதுகு நனைய, சாரத்தோடும் வெறுங்காலோடும் சேற்றில் நின்றவருக்கு மூக்கை மட்டும் மூடி என்ன பயன்? கையுறை, பூட்ஸ் எல்லாம் போத்தல் லேபிளிலேயே இருக்கும். எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்தப் போத்தலைத்தான்.

இனி நான் உண்மையில் பயப்படும் இடம். உங்கள் நிலையில் வருகிறவர்கள் அநேகமாக ஒரே குழியில்தான் விழுகிறார்கள். வீட்டுக்குப் போய்க் கையில் காசைக் கொடுத்து, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஜேபி (சமாதான நீதவான்) முன்னால் கையெழுத்து வாங்குவார்கள். நட்டஈட்டு உரிமையை அப்படி எழுதி வாங்க முடியாது, அந்தக் கடதாசி செல்லாது. கொடுத்த காசுக்கு ரசீதும் இருக்காது. அப்புறம் இரண்டாம் முறை கொடுப்பார்கள். இன்னும் சிலர் பழைய திகதி போட்டுப் 'பயிற்சி கொடுத்தேன்' என்று பதிவேடு தயாரிப்பார்கள். முதல் இரவு வார்டில் டொக்டர் எழுதிய பெட் ஹெட் டிக்கெட், அதாவது நோயாளியின் வார்டுக் குறிப்பு, விசாரணைக்கு வரும்போது அந்தப் பதிவேட்டின் பொய் கிழியும். அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள். இன்சூரன்ஸ் இருந்தால், கம்பனிக்கு அறிவிக்காமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம், பிறகு அதையே சாட்டாகச் சொல்லிக் கையை விரிப்பார்கள்.

சண்டை பிடிக்காதீர்கள், தீர்த்துவிடுங்கள். ஆனால் இந்தச் சட்டத்தின் கீழ் கோரிக்கைகளைத் தீர்க்கும் அதிகாரியான நட்டஈட்டு ஆணையாளர் ஊடாக, உடன்படிக்கையைப் பதிந்து தீருங்கள். அந்த வழியில் முடிந்தால் அவர் அதே காயத்துக்குச் சிவில் வழக்குப் போட முடியாது. அதற்கு அவருக்கு 2 வருட அவகாசம் இருக்கிறது, அங்கே போனால் தொகை எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. நடுக்கம் நிரந்தரமா என்று மருத்துவ அறிக்கை வரும்வரை தொகை பேச வேண்டாம். வைத்தியச் செலவை வங்கி வழியாகக் கொடுங்கள்.

கையுறையும் பூட்ஸும் வாங்கி, கசியும் டாங்கியை மாற்றும்வரை மற்ற மூவரையும் இறக்காதீர்கள். இரண்டாவது ஆள் விழுந்தால் 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல உங்களுக்கு இந்தக் கடிதமே இடம் தராது.