பெரோஸ் பானோஸில் 50 பேருக்குக் குடிநீர்: ஆழ்துளைக் கிணறு சரிவருமா?

இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுக்கூட்டத்து மக்கள் 50 பேரை, அங்குள்ள பெரோஸ் பானோஸ் பவளத்தீவில் மீண்டும் குடியமர்த்தும் திட்டத்துக்கு ஓர் ஆழ்துளைக் கிணறு போதுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆழ்துளை வேண்டவே வேண்டாம். அங்கே நன்னீர், கடல்நீரின் மேல் மிதக்கும் படலம்தான். நீர்மட்டம் 10 செ.மீ. இறங்கினால், கணக்குப்படி அடியிலுள்ள உப்புநீர் சுமார் 4 மீட்டர் ஏறிவிடும். ஏறியது லேசில் இறங்காது. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே துளையிட்ட பிவிசி குழாய்களைக் கிடையாகப் புதைத்து, சிறிய பம்பால் மெதுவாக இறையுங்கள். உப்பளவை வாராவாரம் சோதியுங்கள். இந்த நீர் குளிக்க, துவைக்க.

குடிக்கவும் சமைக்கவும் மழைநீர். ஆளுக்கு 20 லிட்டர் என்றால் நாளைக்கு 1,000 லிட்டர். 45 நாள் மழை பொய்த்தாலும் தாங்க 45,000 லிட்டர் தொட்டி வேண்டும். 100 ச.மீ. கூரையில் 100 மி.மீ. பெய்தால், இழப்பு போக 8,000 லிட்டர் சேரும். கூரையில் எலி ஏறும், ஆகவே முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, தொட்டி வாய்களுக்கு எஃகு வலை போடுங்கள்.

பலர் கோட்டைவிடுவது கழிப்பறையில். பவள மணல் சரியாக வடிகட்டாது, குழிக் கழிப்பறையின் கழிவு நிலத்தடி நன்னீரில் கலந்துவிடும். தரைக்கு மேல் மூடிய தொட்டியில் கழிவை மக்கவைக்கும் உரக் கழிப்பறையே சரி.

விமான ஓடுதளம் உள்ள டியகோ கார்சியா தீவு 200 கி.மீ.க்கு அப்பால், அதுவும் ராணுவத் தளம். பிரிட்டனும் மொரீஷியஸும் செய்த 2025 மே ஒப்பந்தமும் குடியமர்த்தலில் அந்தத் தீவைச் சேர்க்கவில்லை. அதன் ஓடுதளத்தை நம்பாமல் பம்ப், வால்வு எல்லாவற்றிலும் இரண்டாவது ஒன்றைக் கப்பலிலேயே ஏற்றிவிடுங்கள்.