குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஆனாலும் இருக்க முடியவில்லை

கேள்வி:

நான் கொழும்பு வெள்ளவத்தையில் தனியாக இருப்பவள், வயது 63. இப்போது சுவிஸில் லங்கென்தால் என்ற சிறிய ஊரில், அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கையின் மகன் வீட்டில் நிற்கிறேன். எனக்குத் தம்பி முறை. 1996இல் வெளிநாடு போகவென்று கொழும்புக்கு வந்தவர், ஏஜென்சிக்காரன் இன்று நாளை என்று இழுத்ததில் மாதக்கணக்கில் எங்களோடு இருந்தார். கொழும்பில் தங்க வரும் தமிழர் அப்போது செய்யவேண்டியிருந்த பொலிஸ் பதிவுக்கு அவரைக் கூட்டிப்போனதே என் கணவர்தான். அதை மறக்காமல், 30,000 பிராங்குக்குப் பொறுப்புக் கையெழுத்து வைத்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் கஷ்டம். தம்பி ரெஸ்டோரண்ட் குசினியில் வேலை முடித்து நடு இரவில்தான் வருவார். அவர் மனைவி, என் மச்சாளுக்கு முதியோர் இல்லத்தில் ஷிப்ட். பிள்ளைகள் தங்களுக்குள் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், கதைப்பார்கள். என்னிடம் "மாமி, சாப்பிட்டீங்களா?", அதோடு சரி. குசினிக்குள் போனால் "நீங்கள் இருங்கோ" என்று மச்சாள் அனுப்பிவிடுவார். களைத்து வந்து எனக்கென்று தனியாக மரக்கறி சமைப்பார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஞாயிறென்றால் கடையும் பூட்டு, தெருவில் ஆளும் இல்லை. 90 நாள் விசாவில் பாதிதான் போயிருக்கிறது. டிக்கெட்டை மாற்றிக்கொண்டு வந்துவிடலாமா? தம்பி மனம் நோகுமோ?

பதில்:

வரலாம், தப்பே இல்லை. ஆனால் அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். 1996இல் உங்கள் வீட்டில் சாப்பிட்டவர் தம்பி. அந்த நன்றிக் கடன் அவருடையது. அதை அடைக்கிற சமையலும் கழுவலும் மச்சாளின் தலையில். அவருக்கு நீங்கள் கணவரின் தூரத்து அக்கா, அவ்வளவுதான். அப்படியிருந்தும் தனியாக மரக்கறி வைக்கிறாரே! நாள் முழுக்க முதியவர்களைத் தூக்கி இருத்திக் குளிப்பாட்டிவிட்டு வருகிறவரிடம் சிரிப்பையும் எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

வேலையில்லாமல் ஒரு வீட்டுக்குள் இருந்தால் மனம் மற்றவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். சட்டி சற்றுச் சத்தமாக வைக்கப்பட்டாலும் நமக்குத்தான் என்று தோன்றும். அந்தக் காலத்தில் தம்பி சும்மாவா இருந்திருப்பார்? பாண் வாங்க அனுப்பியிருப்பீர்கள், தேங்காய் துருவச் சொல்லியிருப்பீர்கள். அதனால்தான் அவ்வளவு காலம் கூச்சமில்லாமல் இருக்க முடிந்தது.

"ஏதாவது உதவி செய்யவா?" என்று கேட்காதீர்கள். வேண்டாம் என்ற பதில் தயாராக இருக்கும். "நாளைக்கு நீங்கள் இரவு வேலை, புட்டும் சம்பலும் நான் செய்து வைக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அடுப்பை எப்படிப் போடுவது என்று மட்டும் பிள்ளைகளிடம் கேளுங்கள். கற்றுக்கொடுக்கும் சந்தோஷத்தில் அவர்களுக்கும் வாய் திறக்கும், தமிழ் கொஞ்சம் தட்டுத்தடுமாறினாலும்.

அப்புறம் துணி. அங்கே அநேகமான மாடிவீடுகளில் நிலக்கீழ் அறையில் பொது மெஷின்தான், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நாள் ஒதுக்கியிருப்பார்கள். அந்த நாளில் மச்சாளோடு நீங்களும் கீழே இறங்குங்கள். ஆளுக்கொரு நுனியைப் பிடித்துப் படுக்கை விரிப்பு மடிக்கும்போது, முகம் பார்த்துச் சொல்ல முடியாததெல்லாம் வரும். பிள்ளைகள் டொச்சில் பதில் சொல்லும் கவலை அவருக்கும் இருக்கலாம்.

ஒரு லீவு நாளில் தலைநகர் பேர்ணுக்குப் போகலாமா என்றும் கேட்டுப்பாருங்கள். பல மதங்களின் வழிபாட்டிடங்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும், 2014இல் திறந்த 'மதங்களின் இல்லத்துக்குள்' சைவக் கோயில் இருக்கிறது, ரயிலை விட்டு இறங்கினால் பக்கம்தான்.

30,000 பிராங்கை நினைத்துக் குறுக வேண்டாம். அது செலவழிந்த பணம் இல்லை. நீங்கள் கட்ட முடியாத மருத்துவச் செலவு போல ஏதாவது வந்தால் பொறுப்பேற்பதாகக் கொடுத்த உறுதி. பயணக் காப்புறுதி அதற்குத்தானே எடுத்திருப்பீர்கள்?

இரண்டு வாரம் இப்படி இருந்து பாருங்கள். அப்போதும் நெஞ்சு கனத்தால் டிக்கெட்டை மாற்றுங்கள். முதலில் மச்சாளிடம் சொல்லுங்கள், பிறகு தம்பியிடம். "உங்களுக்குப் பாரமாக இருக்கிறேன்" என்று மட்டும் வாய்விட்டுவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் தம்பி வேலை முடித்து வந்ததும் நடு இரவில் அந்த வீட்டில் ஒரு சண்டை நடக்கும். வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்றாலே போதும், அதுவும் உண்மைதானே.